ஜூலை மாதத்து மான்செஸ்டர் யுனைடெட்

2014 ஆகஸ்ட் 4 அன்று மியாமிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேடியத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி லிவர்பூலை 3-1 என்று ஜெயித்து ஒரு கோப்பையைத் தூக்கியது. சரியாக 22 நாள் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த எம்.கே. டான்ஸ் என்ற அணியிடம் லீக் கப் ஆட்டத்தில் 4-0 என்று தோற்றது. கிளப் அதேதான், கோச் அதேதான், வீரர்களிலும் பல பேர் அதே ஆட்கள்.

இந்த 22 நாளில் அப்படி என்னதான் ஆச்சு? அப்போது இந்தக் கேள்விக்கு எங்களைப் போன்ற ரசிகர்கள் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தோம். இத்தனை வருஷம் கழித்து அந்த ஜூலை ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், பெரிசா எதுவும் ஆகலை என்றுதான் தோன்றுகிறது. எம்.கே. டான்ஸில் வெளிப்பட்ட ஓட்டை எல்லாம் ஜூலையிலேயே கண்ணெதிரே இருந்தது. ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சீசன் தொடங்கும் முன்பு ஆடும் இந்த ஆட்டங்களை, அதாவது ப்ரீ-சீசனை, வைத்து ஒரு அணியை எடைபோட முடியுமா? ரசிகர்களிடம் ரெண்டு கட்சி உண்டு. ஜெயிச்சா "இந்த வருஷம் நம்ம வருஷம்" என்பது ஒரு கட்சி. தோத்தா "ப்ரீ-சீசனை எல்லாம் யாருப்பா கணக்குல எடுப்பாங்க" என்பது இன்னொரு கட்சி. வேடிக்கை என்னவென்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான் ரெண்டு கட்சியிலும் இருப்பார். யுனைடெட்டின் சில ஜூலைகளை வைத்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் ரொம்ப காலம் ப்ரீ-சீசன் என்றால் ஆகஸ்டில் கிளப்புக்குள்ளேயே ஆளைப் பிரித்து ரெண்டு அணியாக ஆடும் பயிற்சி ஆட்டம்தான். டிக்கெட் காசு ஏதாவது தர்ம காரியத்துக்குப் போகும். முதல் அணியில் யார், ரிசர்வில் யார் என்று உள்ளூர்க்காரர்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் அது. அதில் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே கிளப் என்பதால் ஸ்கோரை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

1970-இல் வாட்னி மான் என்ற பீர் கம்பெனி காசு போட்டு, சீசனுக்கு முன்னால் ஒரு போட்டியைத் தொடங்கியது. வாட்னி கப் என்று பெயர். முந்தைய சீசனில் நான்கு டிவிஷன்களிலும் அதிகம் கோல் போட்ட ரெண்டு ரெண்டு அணிகளுக்கு அழைப்பு. மேல் டிவிஷனுக்கு உயர்ந்தவர்களும் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றவர்களும் கிடையாது. ஆகஸ்ட் 5 அன்று ஹல் சிட்டி மைதானத்தில் யுனைடெட் ஆடிய அரையிறுதி 1-1 என்று முடிய, இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் முதல் பெனால்டி ஷூட்அவுட் அங்கேதான் நடந்தது. முதல் உதை ஜார்ஜ் பெஸ்ட், கோல். முதலில் தவறவிட்டவர் டெனிஸ் லா. அவருடைய உதையைத் தடுத்த ஹல் கோல்கீப்பர் இயன் மெக்கெக்னி, கடைசியில் தானே ஒரு உதை எடுத்து வெளியே அடித்தார். யுனைடெட் 4-3 என்று ஜெயித்தது.

இறுதியாட்டத்தில் பிரையன் கிளஃபின் டெர்பி கவுன்டி யுனைடெட்டை 4-1 என்று நொறுக்கியது. இதை வைத்து அந்த சீசனைக் கணித்திருந்தால்? டெர்பி 9-ஆம் இடம், யுனைடெட் 8-ஆம் இடம். கோப்பையோடு போனவர்கள் ஒரு படி கீழே! ஆனால் அடுத்த சீசனில், 1971-72-இல், அதே டெர்பி லீக் சாம்பியன் ஆனது. யுனைடெட் கோச் வில்ஃப் மெக்கின்னஸோ அந்த டிசம்பரைத் தாண்டவில்லை. பழையபடி மேட் பஸ்பி வந்து உட்கார்ந்தார். ஆகஸ்டில் அந்த 4-1-ஐ நேரில் பார்த்தவர் ஒருவர் "கிளஃபிடம் ஏதோ இருக்கு, இவங்ககிட்ட ஏதோ குறையுது" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. "டெர்பி இந்த வருஷம் மேலே முடிக்கும்" என்று சொல்லியிருந்தால் தப்பு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

2003-க்குத் தாவுவோம். அந்த ஜூலையில் யுனைடெட் அமெரிக்கா போய் நாலு ஆட்டம் ஆடி நாலையும் ஜெயித்தது. செல்டிக் 4-0, கிளப் அமெரிக்கா 3-1, யுவென்டஸ் 4-1, பார்சிலோனா 3-1. போட்டது 14 கோல், வாங்கியது 3. டேவிட் பெக்கமை ரியல் மாட்ரிட்டுக்கு விற்ற கோடை அது. "பெக்கம் போனா என்ன" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட நேரம்.

திரும்பி வந்து ஆகஸ்ட் 6 அன்று லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் புது ஸ்டேடியத் திறப்பு விழாவுக்கு ஒரு ஆட்டம். 3-1 என்று தோல்வி. அன்று யுனைடெட்டின் வலது பக்கத் தடுப்பில் நின்ற ஜான் ஓஷேயை 18 வயசுப் பையன் ஒருத்தன் சுற்றிச் சுற்றி அலைக்கழித்தான். ஆட்டம் முடிந்ததும் வீரர்களே ஃபெர்குசனிடம் "இவனை வாங்கிடுங்க" என்றார்கள் என்று கதை. கிளப் அவனை அதற்கு முன்பிருந்தே நோட்டம் விட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கதை நல்ல கதை. ஒரு வாரத்துக்குள் சுமார் 1.22 கோடி பவுண்டுக்கு கிறிஸ்டியானோ ரொனால்டோ மான்செஸ்டர் வந்துவிட்டார். பெக்கமின் 7-ஆம் நம்பர் சட்டையும் அவருக்கே.

நாலு வெற்றி என்ன சொன்னது? அந்த சீசனில் யுனைடெட் 75 புள்ளியோடு மூன்றாம் இடம். ஒரு ஆட்டத்திலும் தோற்காத ஆர்சனல் 90 புள்ளி. நாலு வெற்றியில் கிடைக்காத தகவல் அந்த ஒரு தோல்வியில் கிடைத்தது. எந்த ரசிகரும் லிஸ்பன் ஆட்டத்தை அன்று காலை "முக்கியமான ஆட்டம்" என்று குறித்து வைத்திருக்க மாட்டார்.

இனி நான் ரொம்ப நேரம் நிற்கப்போகும் இடம், 2013, 2014. ஆய்வுக்கூடத்தில் கேட்டாலும் இப்படி ஒரு ஜோடி கிடைக்காது. ரெண்டு வருஷமும் புதுக் கோச். ரெண்டு வருஷமும் லீக்கில் முதல் ஆட்டம் ஸ்வான்சீ அணியோடு. ப்ரீ-சீசன் மட்டும் நேரெதிர்.

2013-இல் 26 வருஷத்துக்கும் மேல் ஆண்ட ஃபெர்குசன் போய் டேவிட் மோய்ஸ் வந்தார், ஆறு வருஷ ஒப்பந்தத்தோடு. முதல் ஆட்டமே பாங்காக்கில் ஒரு தாய்லாந்து ஆல்-ஸ்டார்ஸ் அணியிடம் 1-0 தோல்வி. சிட்னியில் 5-1 வெற்றி. யோகோஹாமாவில் 3-2 தோல்வி. ஒசாகாவில் கடைசி நிமிடங்களில் சமன் செய்து 2-2. ஹாங்காங்கில் 5-2 வெற்றி. ஸ்டாக்ஹோமில் 1-1. ரியோ ஃபெர்டினாண்டைக் கௌரவிக்க ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டத்தில் செவில்லாவிடம் 3-1 தோல்வி. ஏழு ஆட்டத்தில் ரெண்டே வெற்றி.

"பரவாயில்லை" கட்சி அப்போது நல்ல வாதங்களோடு வந்தது. ஜப்பான் லீக் ஜூலையில் நடு சீசனில் இருக்கும், அவர்கள் கால் சூடாக இருக்கும். நம்ம ஆட்கள் அப்போதுதான் விடுமுறையிலிருந்து வந்து காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கால் கனத்துக் கிடக்கும். இது உண்மைதான். ஜூலை மாதப் பயிற்சியின் நோக்கமே பத்து மாதத்துக்கு உடம்பை ஏற்றுவது. அன்றைய ஆட்டத்தில் துள்ள வேண்டும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. அதனால் கடுமையாகப் பயிற்சி செய்த அணி, லேசாகச் செய்த அணியிடம் தோற்பது சாதாரணம்.

ஆகஸ்ட் 17 அன்று ஸ்வான்சீ ஊரில் போய் யுனைடெட் 4-1 என்று ஜெயித்தது. வான் பெர்சி ரெண்டு, வெல்பெக் ரெண்டு. "பார்த்தீங்களா, ப்ரீ-சீசனுக்கு அர்த்தமே இல்லைன்னு சொன்னோம்ல!"

முந்தைய சீசனில் 89 புள்ளியோடு சாம்பியனாக இருந்த அணி அந்த சீசனில் 64 புள்ளியோடு 7-ஆம் இடம். மோய்ஸ் ஏப்ரல் 22 அன்று நீக்கப்பட்டார்.

அப்படியானால் பாங்காக் தோல்வியே எச்சரிக்கையா? அப்படியும் இல்லை. அந்த ஆட்டத்தில் யார் தோற்றார்கள் என்பதை விட, ஏழு ஆட்டத்திலும் நடு மைதானத்தில் ஒரு புது முகம்கூட இல்லை என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். ஃபாப்ரெகாஸுக்குக் கேட்ட விலையை பார்சிலோனா மறுத்தது. தியாகோ பயர்னுக்குப் போனார். கடைசியில் ட்ரான்ஸ்ஃபர் காலம் முடியும் ராத்திரியில் ஃபெலைனியை 2.75 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலி என்பது ஜூலையில் டீம் ஷீட்டை எடுத்துப் பார்த்தாலே தெரிந்தது. சிட்னியில் 5-1 ஜெயித்த அன்றும் அது காலிதான்.

2014. லூயி வான் ஹால். நெதர்லாந்தை உலகக்கோப்பையில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்பெயினை 5-1 என்று அடித்த கையோடு வந்தவர். ஜூலை 12 அன்று பிரேசிலோடு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், ஜூலை 16 அன்று மான்செஸ்டரில் வேலை, ரெண்டு நாளில் அமெரிக்க விமானம். மூணு தடுப்பாட்டக்காரர், பக்கத்துக்கு ஒரு விங்-பேக் என்று உலகக்கோப்பையில் ஆடிய அதே 3-5-2 அமைப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஜூலை 23, பாசடீனாவின் ரோஸ் போல் மைதானம், 86,432 பேர். எல்.ஏ. கேலக்ஸியை 7-0. டென்வரில் ரோமாவை 3-2. வாஷிங்டன் பக்கம் இன்டர் மிலானோடு 0-0, பெனால்டியில் வெற்றி. மிச்சிகனில் ரியல் மாட்ரிட்டை 3-1. அன்று வந்த கூட்டம் 1,09,318, அமெரிக்க மண்ணில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை. பிறகு மியாமியில் லிவர்பூல், கோப்பை. ஊர் திரும்பி ஓல்ட் டிராஃபோர்டில் வலென்சியாவை 2-1.

ஆறு ஆட்டம், தோல்வியே இல்லை. மோய்ஸின் கசப்பு வாயில் இருந்த நேரத்தில் இது எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அதே ஆட்டங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கேலக்ஸியோடு இடைவேளையில் ஸ்கோர் 3-0. ஏழில் மூன்று கோல் கடைசிப் பத்து நிமிடத்தில், எதிரணி எப்போதடா முடியும் என்று நின்றுகொண்டிருந்தபோது வந்தவை. ஜப்பான் அணிகளுக்குச் சொன்ன அதே சமாதானப்படி பார்த்தால், அமெரிக்க லீக்கும் ஜூலையில் நடு சீசன்தான், கேலக்ஸிதான் சூடாக இருந்திருக்க வேண்டும். சமாதானங்களை நமக்கு வேண்டியபோது மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும். சொந்த லீக் ஆட்டங்களுக்கு நடுவில் வரும் ஒரு காட்சி ஆட்டத்துக்காக எந்தக் கோச்சும் தன் ஆட்களின் காலைப் பணயம் வைக்க மாட்டார். சூடாக இருப்பது வேறு, அக்கறையோடு இருப்பது வேறு.

டென்வர் ஆட்டம் இன்னும் சுவாரசியம். முதல் பாதியில் ரூனி ரெண்டு, மாட்டா ஒன்று, 3-0. இரண்டாம் பாதியில் பெரும்பாலும் மாற்று ஆட்கள் இறங்கினார்கள். பாதி மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து ரோமாவின் பியானிச் தூக்கி அடித்த பந்து கோல்கீப்பர் தலைக்கு மேல் போய் விழுந்தது. பிறகு டோட்டி ஒரு பெனால்டி. மொத்த ஸ்கோர் 3-2 வெற்றி. இரண்டாம் பாதியை மட்டும் தனி ஆட்டமாக எடுத்தால் 2-0 தோல்வி. முதல் பதினொரு பேர் ஒரு அணி, அதற்கு அடுத்த பதினொரு பேர் வேறு அணி என்ற உண்மை டென்வரிலேயே ஸ்கோர்போர்டில் ஏறிவிட்டது. எம்.கே. டான்ஸோடு வான் ஹால் இறக்கியது பெரும்பாலும் அந்த அடுத்த பதினொன்றைத்தான்.

அடுத்தது தடுப்பு. அந்தக் கோடையில் விடிச், ஃபெர்டினாண்ட், எவ்ரா மூவரும் கிளப்பை விட்டுப் போயிருந்தார்கள். எவ்ரா போனது அணி அமெரிக்காவில் இருக்கும்போதே. தடுப்பில் மூணு பேர் வேண்டும் என்ற அமைப்பைக் கொண்டுவரும் அதே மாதத்தில் மூணு அனுபவசாலிகள் காலி. மிச்சம் இருந்தவர்கள் ஜோன்ஸ், ஸ்மாலிங், எவன்ஸ். மூணு பேருமே அடிக்கடி அடிபடுகிறவர்கள். இந்த மூணு பேரும் நல்ல உடம்போடு இருக்கும் வரை அமைப்பு ஓடும். ஜூலையில் ஓடியது.

அமைப்பே தப்பு என்று சொல்ல மாட்டேன். ரூனி, வான் பெர்சி, மாட்டா என்று நடுவில் ஆடுகிறவர்களே அதிகம் இருந்த அணியில் அவர்கள் எல்லோருக்கும் இடம் தர அது நியாயமான வழிதான். ஜூலை எதிராளிகள் பந்தை இழந்தால் மெதுவாக நடந்து பின்னால் போவார்கள். பிரீமியர் லீக்கில் பந்து கைமாறிய நொடியில் விங்-பேக்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு ஒருத்தன் ஓடிக்கொண்டிருப்பான். அந்த இடம் ஜூலையிலும் காலியாகத்தான் இருந்தது. அங்கே ஓட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 16, ஓல்ட் டிராஃபோர்ட், ஸ்வான்சீ. எவன்ஸ் இல்லாததால் டைலர் பிளாக்கெட் என்ற 20 வயசுப் பையனுக்கு முதல் ஆட்டம். வலது விங்-பேக்காக மியாமியில் கோல் போட்ட லிங்கார்ட். அவரும் அரை மணி நேரம் முடிவதற்குள் காயத்தோடு வெளியே. கி சுங்-யூங் பெட்டி விளிம்பிலிருந்து ஒன்று. ரூனி சமன் செய்தார். பிறகு பக்கவாட்டிலிருந்து வந்த பந்தில் சிகுர்ட்சன். 2-1. சொந்த மைதானத்தில் முதல் லீக் ஆட்டத்தை யுனைடெட் தோற்பது 1972-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அடுத்து சண்டர்லாண்டில் 1-1, எம்.கே. டான்ஸில் 0-4, பர்ன்லியில் 0-0.

டான்ஸ் ஆட்டத்தன்றுதான் டி மரியா சுமார் 6 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தமானார், அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலை. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் ரோஹோ, பிளிண்ட், ஃபால்காவோ என்று ஒரு புது அணியே வந்து இறங்கியது. வெல்பெக் ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். எர்னாண்டஸ் லோனில் ரியலுக்குப் போனார்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்க்கலாம். அமெரிக்காவில் யுனைடெட் போட்டது 16 கோல். ரூனி 5, ஆஷ்லி யங் 4, மாட்டா 2, ரீஸ் ஜேம்ஸ் 2, வெல்பெக், எர்னாண்டஸ், லிங்கார்ட் தலா ஒன்று. கடைசி நாலு பேரின் 5 கோலைக் கழித்துவிடுங்கள். செப்டம்பர் தொடங்கும்போது அவர்கள் விற்கப்பட்டோ, லோனிலோ, காயத்திலோ, ரிசர்விலோ இருந்தார்கள். நாங்கள் ஜூலையில் எடைபோட்டுக்கொண்டிருந்த அணியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கோல், அந்த சீசனுக்கு இருக்கவே போகாத ஆட்களுடையது. கோச் இதைத் தெரிந்துதான் செய்தார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்கத்தான் அவருக்கு அந்த ஆட்டங்கள். அவர் நடத்தியது இன்டர்வியூ. நாங்கள் அதைக் கல்யாணம் என்று நினைத்து மாலையோடு நின்றோம்.

வான் ஹால் அந்தப் பயணத்தைப் பற்றியே வெளிப்படையாகக் குறைப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ், டென்வர், வாஷிங்டன், மிச்சிகன், மியாமி என்று ஒரு கண்டத்தையே குறுக்கே பறந்தால் பயிற்சி எப்போது? விளம்பர வேலைகள் வேறு. அந்த ஜூலையில்தான் சட்டையில் செவர்லே பெயர் வந்தது, அடிடாஸோடு பத்து வருஷத்துக்கு 75 கோடி பவுண்டு ஒப்பந்தமும் அறிவிக்கப்பட்டது. அந்தக் காசுக்குக் கூட்டம் காட்ட வேண்டும். 1,09,318 என்ற எண் கோச்சுக்குத் தேவையில்லாதது, கணக்குப் பிரிவுக்குத் தேவையானது.

ஆனால் இந்த இடத்தில் "எல்லாம் வியாபாரம்" என்று முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. ஆசியாவில் இருக்கும் ரசிகருக்கு இந்த ஆட்டங்கள் வேறு மாதிரி. 2009 ஜூலையில் யுனைடெட் கோலாலம்பூரில் இருந்தது, அடுத்து ஜகார்த்தா. ஜூலை 17 காலை ஜகார்த்தாவில் ரெண்டு ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அதில் ஒன்று அணி தங்க வேண்டிய ஹோட்டல். பயணம் ரத்து. உயிர்கள் போன நாளில் ஒரு பந்தாட்டம் நின்றது பெரிய விஷயமில்லைதான். ஆனாலும் டிக்கெட் வாங்கி வைத்திருந்த இந்தோனேசிய ரசிகர்களுக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் என்று எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக புக்கிட் ஜாலில் மைதானத்திலேயே மலேசிய அணியோடு இரண்டாவது ஆட்டம் வைத்தார்கள். மலேசியத் தமிழர்கள் உட்பட அங்கே ரசிகர் கூட்டம் பெரிசு. அவர்களுக்கு எதிர்பாராத இரட்டை விருந்து. முதல் ஆட்டத்தில் புதிதாக வந்த மைக்கேல் ஓவன் வெற்றி கோல் போட்டார். "ஓவன் இந்த வருஷம் அடிச்சுத் தள்ளுவார்" என்று அன்று நம்பியவரை யாரும் கேலி செய்ய முடியாது. அவர் பார்த்த ஒரே ஆட்டம் அது.

2022-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிக் டென் ஹாக்கின் முதல் ஆட்டம் பாங்காக்கில், ஜூலை 12. லிவர்பூலை 4-0. லிவர்பூல் அன்று மூணு வேறு வேறு பதினொன்றை மாற்றி மாற்றி இறக்கியது. அடுத்த மாதம் லீக்கில் பிரைட்டனிடம் 2-1 தோல்வி, பிரென்ட்ஃபோர்டிடம் 4-0 தோல்வி, அந்த நாலும் முதல் 35 நிமிடத்தில். எல்லோரும் 2014-ஐ நினைத்துத் தலையில் கைவைத்த நேரத்தில், ஆகஸ்ட் 22 அன்று அதே லிவர்பூலை நிஜமாகவே 2-1 என்று ஜெயித்தார்கள். சீசன் முடிவில் யுனைடெட் 3-ஆம் இடமும் லீக் கப்பும். லிவர்பூல் 5-ஆம் இடம். பாங்காக் ஸ்கோர் சரியாகத்தான் சொன்னதோ என்று இப்போது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரென்ட்ஃபோர்ட் ஆட்டத்துக்குப் பிறகு வாங்கப்பட்ட கசெமிரோ பாங்காக்கில் இல்லை. அந்த சீசனைத் தாங்கியவர்களில் அவர் முக்கியமான ஆள்.

ஆக, இப்போதெல்லாம் ஜூலை ஆட்டங்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. இடைவேளைக்கு முன் ஸ்கோர் என்ன, பின் என்ன என்று தனித்தனியாக எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது ஆள் யார் என்று பார்ப்பேன். அந்த ஆளே இல்லை என்றால் அதுதான் பெரிய செய்தி. பந்தை இழந்த பிறகு முதல் அஞ்சு நொடி நம்ம ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனிப்பேன், ஏனென்றால் அது பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது, எதிரணி யாராக இருந்தாலும் தெரியும். 1970-இல் டெர்பியைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது இந்த வகைத் தகவல்தான். புள்ளிப் பட்டியலைச் சொல்லும் சக்தி அதற்குக் கிடையாது.

2014 ஜூலையில் தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பயணத்தில் ஆடிய மூணு ஆட்டத்தில் ஒன்றையும் ஜெயிக்காத ரியல் மாட்ரிட், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தொடர்ந்து 22 ஆட்டங்களை ஜெயித்தது. 7-0 வாங்கிய எல்.ஏ. கேலக்ஸி டிசம்பர் 7 அன்று அமெரிக்க லீக் சாம்பியன் ஆனது. யுனைடெட் 70 புள்ளியோடு நாலாம் இடம்.

ரோஸ் போலில் ரெண்டு கோல் போட்ட ரீஸ் ஜேம்ஸ், இடது பக்கம் ஆடிய 20 வயசுப் பையன். யுனைடெட் சட்டையில் அவர் ஆடிய ஒரே சீனியர் போட்டி ஆட்டம் எம்.கே. டான்ஸ் ஆட்டம்தான். 2015-இல் விகன் அணிக்குப் போய் அங்கே மூன்றாம் டிவிஷன் பட்டம் ஜெயித்தார். இன்று அவர் பெயரைத் தேடினால் செல்சீயில் ஆடும் அதே பெயர்க்காரர்தான் முதலில் வருகிறார்.